எண்ணெய் குடிவரும் கல்

ஓடைக்கல்பட்டியில் யாராவது இறந்தால் பூமிக்கடியில் கல் வளர்ந்தது. ஊருக்கு இது தெரியாது. அந்தக் கல்லை வளர்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த மோனிஷாவுக்கும் வெகுகாலம் தெரியாது.

அரியலூரைச் சுற்றி எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல். கடல் இருந்துவிட்டுப் போன இடம். கிணறு வெட்டினால் சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கும். அந்தக் கல்லை வெட்டி, அரைத்து, சுட்டு சிமெண்ட் ஆக்குவதே வட்டாரத்தின் பிழைப்பு. பிறகு எண்ணெய்க் கப்பல்கள் வருவது அரிதாகிப்போன வருடங்கள் வந்தன. மாதக் கடைசியில் அஞ்சறைப் பெட்டியைத் தட்டிப் பார்க்கும் குடும்பம் போல, நாடு தன் காலடி மண்ணையெல்லாம் தட்டிப் பார்க்கத் தொடங்கியது. அப்படித் தட்டியபோதுதான் ஓர் எண்ணெய் நிறுவனம் மோனிஷாவை ஓடைக்கல்பட்டிக்கு அனுப்பியது.

அவளுக்கு அது அந்நிய ஊர் அல்ல. அவளுடைய அப்பாவின் அக்கா பவளக்கொடி வாழ்க்கைப்பட்ட ஊர். பவளக்கொடியின் மகன் இளம்பரிதியைக் கட்டிக்கொண்டதால் அவளுக்கே புகுந்த ஊர். ஆனால் அவள் வளர்ந்தது திருச்சி ரயில்வே குடியிருப்பில். ஊர் வழக்கங்களெல்லாம் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் வந்துபோகையில் கண்ணில் பட்ட அளவுக்குத்தான் தெரியும். கணவனும் மனைவியும் அரியலூரில் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் இருந்தார்கள். பவளக்கொடி ஊரில் தனியாக இருந்தாள். தனியாக என்பது ஒரு பேச்சுக்கு. வார்டு மெம்பரான அவள் வீட்டில் எந்நேரமும் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களில் பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

"கல்லுக்குள்ள ஏதுடி எடம்?" என்று முதல் நாளே கேட்டாள் பவளக்கொடி.

"திருச்சி பஸ்ஸ நெனச்சுக்குங்க அத்தை. ஒவ்வொரு சீட்டுலயும் நம்ம பெரிய மாமா சைசுல ஆளுங்க. மூச்சு விட எடமில்ல. அதான் சுண்ணாம்புக்கல்லு. அந்தத் தடியனுங்க பேரு கால்சியம். நான் மெக்னீசியம் கலந்த உப்புத்தண்ணிய உள்ள அனுப்புறேன். மெக்னீசியம் ஒல்லிப்பிச்சான். பாதித் தடியனுங்க எறங்கி, அந்த எடத்துல ஒல்லிப்பிச்சானுங்க உக்காந்தா?"

"எடம் மிச்சம்."

"எட்டுல ஒரு பங்கு மிச்சம். கல்லு முழுக்க பொடிப்பொடியா ஓட்டை விழுந்துரும். கீழ ஆழத்துல எண்ணெய் சொட்டுச் சொட்டா மேல ஏறிக்கிட்டேதான் இருக்கு, தங்க எடமில்லாம அலையுது. எடம் இருந்தா வந்து சேந்துக்கும். உலகத்துல எத்தனையோ எண்ணெய் வயல் இப்பிடி ஆன கல்லுலதான் இருக்கு."

"எண்ணெய்க்கு வாடக வீடு கட்டுறேன்னு சொல்லு," என்றாள் பவளக்கொடி. "குடிவர்றது நல்ல குடும்பமான்னு விசாரிச்சியா?"

அந்த மாறிய கல்லுக்கு டாலமைட் என்று பெயர். இயற்கை அதைச் செய்துமுடிக்க எடுத்துக்கொண்ட காலத்தை மனிதக் கணக்கில் சொன்னால் சிரிப்புத்தான் வரும். சாதாரணச் சூட்டில் அதை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்க முயன்றவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோற்றிருந்தார்கள். மோனிஷாவும் எட்டு வருடம் சென்னையில் கண்ணாடிக் குடுவைகளுக்கு முன்னால் உட்கார்ந்து தோற்றவள்தான். நேராகப் பூமிக்குள்ளேயே செய்து பார்த்துவிடலாம் என்று அவள் சொன்னபோது, கேட்டவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை. ஊருக்குக் கிழக்கே ஓடையை ஒட்டி ஆழ்குழாய் போட்டார்கள். ஒரு பெரிய மோட்டார் இரவு பகலாக உப்புநீரை உள்ளே தள்ளியது. ஆபரேட்டர் கலியபெருமாள் மோட்டார் நிற்காமல் ஓடுகிறது என்று நாள்தோறும் தகவல் சொன்னான்.

அவ்வப்போது கல்லைக் குடைந்து மெழுகுவர்த்தி கனத்தில் ஒரு துண்டு எடுப்பார்கள். நீளம் முழுக்க மந்தமான சாம்பல் நிறம். நடுநடுவே மட்டும், எந்த ஒழுங்கும் இல்லாமல், சர்க்கரை தூவியது போல மெல்லிய கோடுகள் மின்னும். அந்தக் கோடுகள்தான் டாலமைட். அவை ஏன் அங்கே வந்தன, ஏன் மற்ற இடத்தில் வரவில்லை என்று மோனிஷாவுக்குப் பிடிபடவில்லை. உப்பை மாற்றினாள். சூட்டை மாற்றினாள். நுண்ணுயிர்களைக் கலந்தாள். கோடுகள் தம் இஷ்டத்துக்கு வந்தன. பொங்கலுக்குள் கல் திறக்காவிட்டால் குழாயை மூடிவிட்டுக் கிளம்பி வரும்படி நிறுவனத்தின் சென்னை இயக்குநர் சொல்லிவிட்டார்.

வீட்டில் கணவன் பரிதி அவளுக்கு நேர் எதிர்த் திசையில் வேலை செய்தான். ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் குவாரிக் கல்லைச் சோதிப்பவன். கல்லில் மெக்னீசியம் கொஞ்சம் இருக்கலாம். கூடினால் அந்தச் சிமெண்ட் சுவருக்குள் போய்ச் சில வருடம் சாதுவாக இருந்துவிட்டு, பிறகு மெல்ல உப்பிச் சுவரைப் பிளக்கும். ஆகவே கல்லில் மெக்னீசியம் எவ்வளவு என்ற ஒரே கணக்கைத்தான் இருவரும் பார்த்தார்கள். அது ஏறினால் அவள் பாயசம் வைப்பாள். அது ஏறினால் அவனுக்குக் காய்ச்சல் வரும். நண்பர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்களும் சிரித்தார்கள். அவள் குழாய் வேறு, அவன் குவாரி வேறு. நடுவில் பாதி ஊர் கிடந்தது.

ஒருநாள் மோனிஷாவின் வண்டி பழுதாகி, பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் அவள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடைக்கல்பட்டிக்குப் போனாள். அதுவரை அவள் சொல்லாமல் போனதே இல்லை. நிறுவன வண்டி அரியலூர் ரயில்வே கேட்டைத் தாண்டும்போதே டிரைவர் கலியபெருமாளுக்குப் போன் போட்டுவிடுவான். அது அவர்களுக்குள் ஒரு மரியாதை.

ஊருக்குள் நுழைந்ததும் ஏதோ குறைவது போலிருந்தது. எது என்று புரியச் சற்று நேரமாயிற்று. சத்தம் இல்லை. வயல்களில் மோட்டார் ஓடவில்லை. மாவு மில் மூடியிருந்தது. எங்கோ தொலைவில் ஒரு பறை மட்டும் நின்று நின்று ஒலித்தது. ஒவ்வோர் அடிக்கும் நடுவே கிடந்த மௌனம், வெயிலில் காயப்போட்ட துணி போல ஊர் முழுக்க விரிந்திருந்தது. மனிதர்கள் எவ்வளவு சத்தத்துக்கு நடுவில் யோசிக்கிறோம், யோசித்ததாக நினைத்துக்கொள்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. குழாயடிக்குப் போனாள். அவளுடைய மோட்டாரும் நின்றிருந்தது. பக்கத்தில் கலியபெருமாள் துண்டை மடியில் போட்டுக்கொண்டு பவ்யமாக உட்கார்ந்திருந்தான்.

அவளைக் கண்டதும் எழுந்தவன், பொய் சொல்லத் தெம்பில்லாமல் உண்மையைச் சொன்னான். மேலத்தெரு மளிகைக் கடைக்காரர் காலையில் இறந்துவிட்டார். ஊரில் சாவு விழுந்தால் உடல் எல்லையைத் தாண்டும்வரை எந்த மோட்டாரும் ஓடக் கூடாது. அது காலங்காலமாக உள்ள கட்டு. இங்கே குழாய் போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு சாவுக்கும் நிறுத்தியிருக்கிறார்கள். மேடத்துக்குச் சொன்னால் மனசு கஷ்டப்படுவார்கள் என்று பவளக்கொடி அக்காதான் சொல்ல வேண்டாம் என்றார்.

மோனிஷாவுக்குக் கோபம் வந்தது. நிற்காமல் ஓடுவதாக நம்பிச் செய்த கணக்கெல்லாம் வீண். குழாயின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அந்த ஒலியைக் கேட்டாள். மோட்டார் ஓடும்போது கேட்க முடியாத ஒலி. ஓடைத் தண்ணீர், நல்ல தண்ணீர், கல்லிடுக்கு வழியாகக் கசிந்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் நெடுநேரம் அதைக் கேட்டாள். மெக்னீசியம் கல்லில் போய் உட்காரும்போது ஆயிரம் இடத்தில் வரிசை தப்பி உட்காருகிறது. தப்பி உட்கார்ந்தவற்றின் மேல் அடுத்த வரிசை ஏற மாட்டேன் என்கிறது. உப்புநீர் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் தப்பு தப்பாகவே இறுகிவிடும். மோட்டார் நின்றால் நல்ல தண்ணீர் வந்து, கோணலாக உட்கார்ந்ததை மட்டும் கழுவிக்கொண்டு போகிறது. நேராக உட்கார்ந்தது அப்படியே இருக்கிறது. மறுபடி உப்புநீர் வரும்போது அதன் மேல் நேராக இன்னொரு வரிசை. கல்லுக்கு இதுவரை கிடைக்காதது கொஞ்சம் அமைதி. சாவு விழுந்த நாட்களில் மட்டும் அது கிடைத்திருக்கிறது.

"ஏன் மேடம் சிரிக்கிறீங்க?" என்றான் கலியபெருமாள், பயந்துபோய்.

அவளால் நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தாள். இதற்கு முன் இறந்தவர்கள் யார் யார், எப்போது என்று உடனே யாரிடமாவது கேட்டாக வேண்டும். ஊரில் அதெல்லாம் தெரிந்தவள் அத்தை. அத்தை சாவு வீட்டில் இருந்தாள். சாவு வீட்டுப் பந்தலுக்குள் மோனிஷா சிரித்த முகத்தோடு நுழைந்து, மடமடவென்று கேட்கத் தொடங்கினாள். பவளக்கொடி ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. மருமகளின் தொடையில் நறுக்கென்று கிள்ளித் தலையைத் தன் தோளில் அமுக்கிக்கொண்டாள். குலுங்கிய குலுங்கலைப் பார்த்துச் சுற்றியிருந்த பெண்கள் நெகிழ்ந்துபோனார்கள். கடன் சொல்லி அரைக் கிலோ சர்க்கரைகூட வாங்கியிருக்க மாட்டாள், கடைக்காரர் மேல் இவளுக்கு எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள். பவளக்கொடி அழுகையினூடே இறந்தவர்களின் பெயர்களை, இறந்த மாதத்தோடு, வரிசையாகச் சொல்லி ஒப்பாரி வைத்தாள். மோனிஷா தோளில் முகம் புதைத்தபடி ஒவ்வொரு பெயரையும் கல்லில் கண்ட கோட்டோடு பொருத்திக்கொண்டாள். எல்லாம் பொருந்தியது.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் போல ஓடைக்கல்பட்டி கண்டதில்லை. மோட்டாரை அடிக்கடி நிறுத்த வேண்டும் என்று மேடமே சொன்னதைக் கலியபெருமாள் முதலில் நம்பவில்லை. தன்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்து இன்னும் விறைப்பாக ஓட்டினான். பவளக்கொடி போய்ச் சுவிட்சைத் தானே அணைத்துக் காட்டிய பிறகுதான் நம்பினான். கல்லுக்கு லீவு வேண்டுமாம் என்று செய்தி பரவியது. சும்மா நிறுத்துவது ஊருக்குப் பிடிக்கவில்லை. காரணம் இல்லாமல் ஓய்வெடுத்தால் கால் கை விளங்காது. ஆகவே காரணங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. காது குத்துக்கு நிறுத்தினார்கள். மாடு கன்று போட்டதற்கு நிறுத்தினார்கள். வருடத்துக்கு ஒரு படையலோடு இருந்த எல்லைக் கருப்புக்குக் கேட்டுக் கேட்டுப் படையல் போட்டார்கள். கருப்பே கொஞ்சம் கூச்சப்பட்டிருக்கும். மோட்டார் நின்றதும் பிள்ளைகள் ஓடைக்கரையில் ஓடிப்போய்த் தரையில் காது வைத்து, கல் வளரும் சத்தம் தனக்குக் கேட்டது என்று ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள்.

மார்கழியில் எடுத்த கல் கற்கண்டு மாதிரி வந்தது. மேலிருந்து கீழ்வரை மின்னியது. மோனிஷா அதைப் பவளக்கொடி வீட்டு வாசலில் வைத்து, ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள். முன்பெல்லாம் தண்ணீர் கல்லின் மேல் வழிந்து ஓடும். இப்போது கல் குடித்தது. சத்தமில்லாமல், தாகத்தோடு குடித்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. ஆளாளுக்குச் சொம்பு எடுத்து வந்தார்கள். பவளக்கொடி மோர் ஊற்றினாள், அதையும் குடித்தது. யாரோ சாராயம் கொண்டுவந்தபோது மோனிஷா கல்லைப் பிடுங்கி முந்தானையில் மறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பொங்கலன்று சென்னை இயக்குநர் வந்தார். மாலை போட்டார்கள். அவரும் ஒரு சொம்பு ஊற்றினார். கல் திறந்துவிட்டது, இனி எண்ணெய் வந்து சேர வேண்டியதுதான் பாக்கி என்று அவர் மைக்கில் சொன்னபோது மோனிஷாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

எண்ணெய்க்காகக் காத்திருந்தார்கள். மாசி போயிற்று, சித்திரை போயிற்று. கோடை மழை இரண்டு மூன்று தடவை கொட்டித் தீர்த்தது. எண்ணெய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் ரசம் ஊற்றப் போன மோனிஷாவுக்கு முன்னால் பரிதி ஒரு கல்லை வைத்தான். உள்ளங்கை அளவு. அது மின்னியது. என்னுடைய கல்லை ஏன் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தாய் என்று கேட்க வாயெடுத்தவள், அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"எங்க குவாரி," என்றான் பரிதி. "கிழக்கு முகம். ஊரப் பாத்த பக்கம்."

அவள் ரசத்தை ஊற்றினாள். இருவரும் சாப்பிட்டார்கள். பேசாமல் சாப்பிடுவது அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் சில மௌனங்களில் இருவரும் ஒரே பக்கம் இருப்பார்கள். இது அப்படியல்ல. மெஷின் கோளாறு என்று நினைத்து அவன் பலமுறை சோதித்திருக்கிறான் என்பது பிறகு அவன் சொல்லித்தான் தெரிந்தது. ஆலைக்கு இன்னும் சொல்லவில்லை. கிழக்கு முகத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் வெட்டச் சொல்லியிருக்கிறான். அப்படி எவ்வளவு நாளைக்கு ஓட்ட முடியும் என்று அவனுக்கே தெரியாது. குவாரியில் வெட்டுகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், டீக்கடை, மெஸ், பவளக்கொடியின் வார்டு முழுவதும் அந்தக் கல்லைத் தின்றுதான் உயிரோடிருந்தது.

நடந்தது அவளுக்குப் புரிந்தது. உப்புநீர் நிலத்தடியில் அவள் நினைத்ததைவிடத் தூரம் போய்விட்டது. மோட்டாரை நிறுத்தி நிறுத்திச் செய்த வேலையை இனி மழையே செய்துவிடும். ஒவ்வொரு மழைக்கும் நல்ல தண்ணீர் இறங்கும், கோணலைக் கழுவும், கல் இன்னொரு வரிசை வளரும். குழாயை மூடினாலும் நிற்காது. நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. உள்ளே போன உப்புநீரை வெளியே இழுக்க வேண்டும், நிற்காமல் இழுக்க வேண்டும். இழுப்பு நின்றால் அந்த இடத்துக்கு நல்ல தண்ணீர் பாயும். நிற்கிற நேரமெல்லாம் கல் குவாரியை நோக்கி வளரும். இழுத்துக்கொண்டே இருந்தால் மிச்ச உப்பு கோணலாகவே இறுகி, கல்லின் ஓட்டைகளை அடைத்துவிடும். எட்டு வருடக் குடுவைகளும் அதற்குப் பிந்தைய வருடங்களும், கற்கண்டு போல வந்த அந்தக் கல்லும், எல்லாமே மறுபடி மந்தமாகிவிடும்.

மறுநாள் அவளே இயக்குநரைக் கூப்பிட்டாள். அவர் முழுவதும் கேட்டார்.

"எண்ணெய் வந்துடுச்சா?"

"இல்ல சார்."

"ஒரே ஒரு சொட்டு காட்டும்மா. நான் மேல பேசிக்கறேன். குவாரிய வாங்கிடலாம், ஊரையே நல்ல எடமா பாத்து மாத்தி வெச்சுடலாம். அந்தக் கவலையெல்லாம் நீ ஏன் படறே? ஒரு சொட்டு."

காட்ட ஒரு சொட்டு இல்லை. இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டு, பதில் வருமுன் எழுந்து போய் வேறு வேலை பார்த்தாள். எண்ணெய் வராத கல்லுக்காக ஆலையோடு வழக்காட நிறுவனத்துக்கும் விருப்பமில்லை. திட்டத்தை மூடினார்கள். ஜெனரேட்டரை, கிரேனை, பெயர்ப் பலகையைக்கூட ஏற்றிக்கொண்டு போனார்கள். உப்புநீரை இழுக்க ஒரு கம்ப்ரசர், அதைச் சுற்ற ஒரு மோட்டார், இரண்டுக்கும் நடுவே ஒரு பெல்ட், மேற்பார்வைக்கு மோனிஷா. அவ்வளவுதான் மிச்சம். ஊருக்கு அவளே போய்ச் சொன்னாள்: இனி இந்த மோட்டார் நிற்கக் கூடாது. எதற்காகவும் நிற்கக் கூடாது.

"போன வருசம் நிறுத்து நிறுத்துன்ன. இந்த வருசம் நிறுத்தாதேங்குற," என்றாள் பவளக்கொடி. "பைத்தியம் கல்லுக்கா, ஒனக்காடி?"

ஆனாலும் அவள்தான் ஊரைப் பேசிச் சரிக்கட்டினாள். காது குத்து, கன்றுக்குட்டியெல்லாம் எளிதாகப் போயிற்று. சாவுதான் கஷ்டம். கீழத்தெருவில் ஒருவர் இறந்தபோது அவர் பிள்ளைகள் மோட்டார் கொட்டகைக்கே வந்து சண்டை போட்டார்கள். மோட்டார் ஓடியது. அவர்கள் மோனிஷாவோடு பேச்சை நிறுத்தினார்கள்.

அதற்கடுத்த சாவு பவளக்கொடியுடையது. காலையில் யாரோ சொன்ன ஒரு கதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தவள் சிரிப்பை முடிக்காமலே சாய்ந்துவிட்டாள். கதை சொன்னவன் அவள் நடிக்கிறாள் என்று நினைத்து அடுத்த கதையையும் பாதி சொல்லிவிட்டான்.

ஊரே திரண்டது. டிராக்டரின் பின்னால் டிரெய்லரில் பூப்பல்லக்கு கட்டினார்கள். பறை, வெடி, ஆட்டம். பவளக்கொடி எத்தனை சாவு வீட்டில் முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்தியிருப்பாள். அவள் சாவை நடத்தத்தான் ஆளில்லாமல் எல்லோரும் ஒரே நேரத்தில் உத்தரவு போட்டார்கள். அத்தனை சத்தத்துக்கும் அடியில், ஓடைப் பக்கமிருந்து, கம்ப்ரசர் டபடபவென்று அடித்துக்கொண்டிருந்தது. கலியபெருமாள் வந்து மோனிஷாவின் முன்னால் நின்றான். ஓடைப் பக்கம் கையைக் காட்டினான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், கூடாது என்று. சொந்த அத்தைக்கு இரண்டு நாழிகை மௌனம் கொடுக்க மனசில்லை பார் என்று ஒரு பெரியம்மா அவளுக்குக் கேட்கும்படியே சொன்னாள். நெஞ்சில் துணி கட்டி நின்றிருந்த பரிதி அதைக் கேட்டான்.

தெருமுனை வரை பெண்கள் போனார்கள். அதற்கு மேல் பெண்கள் போவதில்லை. அங்கே ஊர்வலம் சற்று நின்றபோது மின்சாரம் போயிற்று.

கம்ப்ரசர் நின்றது. பறைக்காரர்கள்கூட, ஏதோ கேட்டது போலக் கையை நிறுத்தினார்கள். எத்தனையோ மாதமாக ஊர் மறந்திருந்த அந்த மௌனம் வந்து தெருமுனையில் நின்றது. கூட்டம் மோனிஷாவைத் திரும்பிப் பார்த்தது. அவள்தான் மனமிரங்கி நிறுத்தச் சொல்லியிருக்கிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். திட்டிய பெரியம்மா அருகில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழத்தெரு ஆட்களில் ஒருவர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

எவ்வளவு நன்றாக இருந்தது அது. அப்படியே நின்றுவிடலாம். ஒரு பொழுதுதானே, ஒரு வரிசைதானே. அத்தைக்காகக் கல் ஒரு வரிசை வளரட்டும். அவளுக்கு மட்டும் கேட்டது, ஓடைத் தண்ணீர் உள்ளே இறங்கும் ஓசை. அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டிருக்க முடியாது. ஆனாலும் கேட்டது.

கையை விடுவித்துக்கொண்டு பரிதியிடம் போனாள். "நான் நிறுத்தல மாமா. கரண்ட் போயிருச்சு."

பரிதி ஓடைப் பக்கம் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். பிறகு டிராக்டரைப் பார்த்தான்.

"டிரெய்லர கழட்டுங்க," என்றான்.

பங்காளி ஒருவர், எடுத்த பிணத்தை நடுவழியில் இறக்கினால் குலத்துக்கு ஆகாது என்று குதித்தார். பரிதி குரலை உயர்த்தவில்லை. "எறக்க வேணாம் சித்தப்பா. தோள்ல தூக்கிக்குவோம். எங்கம்மா என்ன அவ்வளவு கனமா?"

கனம்தான். எல்லோருக்கும் தெரியும். யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. குடித்திருந்தவர்கள், குடிக்காதவர்கள், அழுதவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் பல்லக்கின் மேல் விழுந்தார்கள். நான்கு பேர் தூக்க வேண்டியதைப் பதினாறு பேர் தூக்கினார்கள். கலியபெருமாள் சாமந்தி மாலை தொங்கும் டிராக்டரில் ஏறி வரப்பு வாய்க்கால் பார்க்காமல் கொட்டகைக்குப் பறந்தான். பறைக்காரர்களில் பாதிப் பேர் பிணத்தோடு போவதா டிராக்டரோடு போவதா என்று தெரியாமல் டிராக்டரோடு ஓடினார்கள். மோனிஷா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னால் ஓடினாள். மோட்டாரிலிருந்து பெல்ட்டைக் கழற்றி டிராக்டரின் பெல்ட் சக்கரத்தில் மாட்டுவதற்குள் மூன்று பேர் விரலை நசுக்கிக்கொண்டார்கள். எஞ்சின் உறுமியது. கம்ப்ரசர் ஒரு தடவை இருமி, பிறகு அடிக்கத் தொடங்கியது. பறைக்காரர்கள் அதற்கும் ஓர் அடி அடித்துவிட்டுப் பிணத்தைத் தேடித் திரும்பி ஓடினார்கள்.

கலியபெருமாளும் தோள் கொடுக்கப் போக வேண்டும். யாராவது இருந்து எஞ்சினைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுடுகாட்டுக்குப் போகக் கூடாதவள் அவள் ஒருத்திதான் அங்கே. டிராக்டர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். அவனை அனுப்பிவிட்டாள்.

பறைச் சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. குழாய் விட்டு விட்டு உப்புநீரைக் கக்கியது; அது வாய்க்கால் வழியே உப்புக் குட்டைக்கு ஓடியது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்க்கால் தண்ணீரின் மேல் ஒரு நிறம் வந்தது. முதலில் வெயில் என்று நினைத்தாள். பிறகு நிறங்கள் பலவாகி, சுழித்து, நீண்டன. குழாய் இன்னொரு தடவை இருமியது. தண்ணீரோடு மெலிதாகப் பழுப்பு நூல் போல ஒன்று இறங்கி வந்தது.

இறங்கிப் போய்க் கையை நீட்டினாள். விரல்கள் வழுவழுத்தன. மூக்கருகே கொண்டுபோனாள். பிறந்த குழந்தையின் தலையை முகர்வது போல முகர்ந்தாள். அவள் கல் வேலை செய்திருந்தது. எத்தனையோ பேர் தோற்ற இடத்தில், அவள் திறந்த அறைகளுக்குள், ஆழத்திலிருந்து ஏறி வந்து அது உட்கார்ந்திருந்தது. பூமாலை தொங்கும் டிராக்டரின் பக்கத்தில், வெறுங்காலோடு நின்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அத்தை செத்த அன்றைக்கு ஒரு பெண் இப்படிச் சிரிக்கலாமா என்று கேட்க அங்கே யாருமில்லை. இடுப்பில் போன் இருந்தது. ஒரு படம் போதும். ஒரு சொட்டுத்தானே கேட்டார்.

போனை எடுத்தாள். கையில் எண்ணெய் இருந்ததால் திரை அவள் விரலை ஏற்கவில்லை. சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தாள். திரை திறந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், வெகுநேரம். எஞ்சின் ஒருமுறை சுருதி இறங்கித் திணறியது. அவள் போனை இடுப்பில் செருகிவிட்டு, ஏறிப்போய் ஆக்சிலேட்டரைக் கூட்டினாள். குழாய் இன்னும் வேகமாகக் கக்கியது. நூல் போல வந்தது வாய்க்காலில் ஓடி, குட்டையில் கலந்து, காணாமல் போயிற்று.

பரிதி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. தலையும் மீசையும் மழித்து, குளித்த ஈரத்தோடு வந்தான். அடையாளம் தெரிய அவளுக்கு ஒரு கணம் பிடித்தது. அவன் டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குழாயைப் பார்த்தான், வாய்க்காலைப் பார்த்தான், ஸ்டியரிங்கின் மேலிருந்த அவள் கைகளைப் பார்த்தான்.

"கையில என்ன?"

"டிராக்டர் ஆயில் மாமா," என்றாள். "கசியுது."

அவன் தோளில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தான். தினமும் கல்லையும் திரவத்தையும் முகர்ந்தே சம்பாதிக்கிறவன். துண்டு அவன் முகத்துக்கு அருகில்தான் இருந்தது.

"பழைய வண்டி," என்றான். "கசியத்தான் செய்யும். நீ போயி குளி."

அவள் இறங்கிக்கொண்டாள். அவன் உடனே ஏறவில்லை. துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாய்க்கால் ஓரமாகப் போய், கரையில் படிந்திருந்த பழுப்பின் மேல் காலால் மண்ணைத் தள்ளி மூடினான். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளினான்.